பெருநாளைக்கு மறுநாள் வைத்த ஸ்டூ

என் வீட்டு மனிதருக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான புதிதில் இதை ஒரு நல்ல குணம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொல்லத் தொடங்கினால் கூட இருப்பவளுக்கு என்ன பாடு என்பது இந்த ஹஜ்ஜுப் பெருநாளில்தான் விளங்கியது.

அவர் பெயர் இத்ரூஸ். மாத்தளை அலுவிகாரையில் மெயின் ரோட்டோரம் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். என் பெயர் மஸீனா. எங்களுக்கு ஒரே மகள், நப்லா. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனைப் பார்க்கிறாள் என்பது வேறு கதை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு எனக்கு வயிற்றில் ஒபரேசன் நடந்தது. கண்டியில் வைத்து ஒரு கட்டியை எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ரிப்போட்டுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

ரிப்போட் வாங்க அவர் மட்டும்தான் போனார். "ஒனக்கு பஸ்ல குலுங்க ஏலாது, நீ வீட்டில இரி" என்று சொல்லிவிட்டுப் போனவர், பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது திரும்பி வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒண்டுமில்ல, சாதாரணக் கட்டிதானாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. உறைக்கக் கூடாது என்று நானே இருந்துவிட்டேனோ என்னவோ. சுகமாகிவிட்டது என்று தெரு முழுக்கச் சொன்னேன். ஆனாலும் உண்மையிலேயே சுகம்தானா என்ற கேள்வி மட்டும் தொண்டையில் மீன் முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. எச்சில் விழுங்கும் போதெல்லாம் குத்தியது.

வழக்கமாக ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்துக் கொடுக்கிற எங்கள் வீட்டுக் குர்பான் என்றால் ஏழில் ஒரு பங்குதான். அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு மாடு எடுப்பார்கள். எங்கள் பங்கில் ஒரு பகுதி வீட்டுக்கு வரும், மற்றது சொந்தக்காரருக்கும் ஏழைகளுக்கும் போகும். இந்த வருஷம் மனுஷன் தனியாக ஒரு முழு மாடு கொடுத்தார். வில்கமுவ வரைக்கும் தானே போய்ப் பார்த்து, வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடையில் பழுதான மின்விசிறியை மாற்றச் சொன்னால் காற்று உடம்புக்கு ஆகாது என்கிறவர் இவர். "என்ன திடீரென்டு பெரிய கையாகிட்டீங்க?" என்று கேட்டேன். "நல்ல காரியந்தானே" என்று மட்டும் சொன்னார்.

பெருநாளன்று தொழுகை முடிந்து மாட்டை அறுத்தார்கள். நான் வெங்காயம் உரித்து, பெரிய சட்டியைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இறைச்சி வந்தபாடில்லை. கடைசியில் அவர் கையை வீசிக்கொண்டு வந்து நின்றார்.

"எல்லாம் பங்கு வச்சாச்சு. சனம் கூடிப் போச்சு" என்றார்.

"ஒரு துண்டு ஈரலாவது?"

"கெடைக்கல்ல."

சொந்த மாட்டின் ஈரல் சொந்தக்காரனுக்குக் கிடைக்கவில்லையாம். வாய் வரைக்கும் வந்ததைப் பெருநாளும் அதுவுமாக எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன். அன்று நாங்கள் கோழிக்கறி சாப்பிட்டோம். ஹஜ்ஜுப் பெருநாளில் கோழி சாப்பிட்ட முதல் குடும்பம் மாத்தளை மாவட்டத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில், அவரை நானா என்று கூப்பிடுகிற தங்கை ஸில்மியா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு.

"மதினி, நானா ஊருக்கெல்லாம் குடுத்துட்டு வீட்ட மறந்துட்டார் போல. பங்கு வைக்கக் கூட நிண்ட எங்கட வீட்டுக்காரர் ஒங்களுக்கென்டு ஒரு பங்க எடுத்து வச்சிருந்தார். ஒங்கட மாட்டுட இறைச்சிதான்" என்றாள்.

பையைத் திறந்து பார்த்தேன். நெஞ்சுப் பகுதியும், மஜ்ஜை நிறைந்த கால் எலும்பும். அவளைக் கட்டிப் பிடித்து முத்தமே கொடுத்திருப்பேன், வயிற்றுத் தையல்தான் தடுத்தது. ஒபரேசனுக்குப் பிறகு நான் அடுப்படியில் நின்று சமைக்கவேயில்லை. நப்லாதான் சமைத்தாள். அவள் வைத்த பருப்பைச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு வேறு தண்டனை தேவையில்லை. டொக்டர் மிளகாய் சேர்க்க வேண்டாம் என்றிருந்தார். கறி இல்லாவிட்டால் என்ன, ஸ்டூ இருக்கிறதே என்று சேலை முந்தானையை இடுப்பில் செருகினேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் சுசீலாதேவி டீச்சர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், சுத்த சைவம். அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் மாட்டிறைச்சி வேகும்போது அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவது என் பழக்கம். ஜன்னலைச் சாத்திவிட்டு, முதலில் எலும்பைத் தனியாக வேக வைத்தேன். நுரையை வழித்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு கலங்கிவிடும். இறைச்சியைக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்தேன். ஈர இறைச்சியை எண்ணெயில் போட்டால் அது பொரியாது, அவியும். நெய்யைக் காயவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்கப் பிரட்டி எடுத்தேன். அந்தச் சட்டியிலேயே வெங்காயம், இஞ்சி, பூண்டு, ஒரு துண்டு கறுவாப்பட்டை, நாலைந்து கராம்பு, கடையிலிருந்து வந்த மிளகை அரைகுறையாய் இடித்துப் போட்டது. பிறகு இறைச்சியும் எலும்புச் சாறும். மூடிவிட்டுத் தீயைக் குறைத்தேன்.

"குக்கர்ல போட்டா சுருக்கா முடியுமே உம்மா" என்றாள் நப்லா.

"குக்கர்ல போட்டா சுருக்கா முடியும், ஸ்டூவாகாது. நீ கரட்டச் சீவு."

சீவினாள். பாதிக் கரட் தோலோடு போயிற்று. இறைச்சி நகத்தால் கிள்ளினால் பிரிகிற பதத்துக்கு வந்ததும் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டேன். வெந்த கிழங்கில் ஒன்றை மசித்து அதிலேயே கரைத்துவிட்டேன். குழம்பு கெட்டியாகி மினுங்கியது. வாசனை வீடு நிறைந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சமைக்கத் தெம்பு இருக்கிறது, வாசனை பிடிக்கிறது, பசிக்கிறது. இதற்கு மேல் சுகம் என்பதற்கு வேறு என்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்துக் குளிசைகளால் நாக்கு மட்டும் இன்னும் கசந்துகொண்டிருந்தது. உப்புப் பார்க்க வேறொரு நாக்கு தேவைப்பட்டது.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு அவர் வந்தார். கையில் ஒரு ரோஸ் பாண், பேக்கரியில் சூடாக எடுத்தது. ஸ்டூவுக்கென்று நப்லா போன் பண்ணி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். என்ன இறைச்சி என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கோழி என்று நினைத்திருப்பார். நான் அகப்பையில் கொஞ்சம் குழம்பெடுத்து ஊதி நீட்டினேன்.

"உப்புப் பாருங்க."

வாயைத் திறந்தவர் சட்டியைப் பார்த்தார். "இறைச்சி எங்கால?"

"ஸில்மியா தந்த. ஒங்கட மாட்டுட இறைச்சிதானாம்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. "நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"நப்லா?"

"ஒருத்தரும் இன்னும் வாயில வைக்கல்ல. இதென்ன, பொலிஸ் விசாரணையா?"

"அப்ப சாப்பிட வேணாம்."

"ஏன்?"

அவர் சுவரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "மாட்டுக்கு ஏதோ வருத்தம் இரிந்த போல."

"நோய் புடிச்ச மாட்டையா ஊர்ல உள்ள ஏழைகளுக்கெல்லாம் பங்கு வச்சீங்க?"

"சேச்சே, மாடு நல்ல மாடு."

"பொறகு?"

"எனக்குப் பல்லு வலி."

"ஒங்கட பல்லு வலிச்சா நாங்க எதுக்குப் பட்டினி கிடக்கணும்?"

பாவம், அதற்கு மேல் அவரிடம் கைவசம் ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்தது. தனியாக ஒரு முழு மாடு. அதில் ஒரு துண்டுகூட வீட்டுக்கு வரவில்லை. வந்ததையும் வீட்டார் சாப்பிடக் கூடாது என்கிறார். இதைப் புரிந்துகொள்ள நான் மத்ரஸாவில் ஓதியிருக்கத் தேவையில்லை. உக்குவளையில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் தம்பிக்கு மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்தான். அதற்காக வாப்பா நேர்ந்த மாட்டை அறுத்தபோது, தெருவெல்லாம் இறைச்சி மணக்க, நாங்கள் மட்டும் வாயூறிக்கொண்டு நின்றோம். நேர்ச்சை இறைச்சி நேர்ந்தவருக்கும் ஆகாது, அவர் சோறு போடுகிற வீட்டாருக்கும் ஆகாது. முழுவதும் ஏழைகளுக்குத்தான்.

"நேர்ச்சையா?" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"எனக்காகவா?"

அதற்கும் தலையை ஆட்டினார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? நேர்ச்சை என்றால் கேட்டது கிடைத்த பிறகு கொடுப்பது. கொடுத்தாயிற்று என்றால் கிடைத்தாயிற்று. எனக்குச் சுகம்தான்! வாய் வார்த்தையாக அல்ல, ஒரு முழு மாட்டை அறுத்து உறுதிப்படுத்தியாயிற்று. தொண்டையில் இருந்த முள் போன இடம் தெரியவில்லை. அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

"ஒரு முழு மாடு! எனக்கு ஒரு ஆடு போதாதா? இதச் சொல்ல எதுக்கு இந்த வெட்கம்? சொல்லியிருந்தா நான் பெரும பேசியிருப்பேனே தெருவெல்லாம்!"

அவர் சிரிக்கவில்லை. ரோஸ் பாணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அது நசுங்கிக்கொண்டே போனது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடிக்குள் போயிற்று.

"சந்தோஷத்துக்கா அழுறீங்க?"

சட்டைக் கையில் முகத்தைத் துடைத்தார்.

"ரிப்போட்டுல என்ன இரிந்த?"

"சாதாரண…"

"செருப்பப் பாத்துச் சொன்னது போதும். என்ட மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான். கட்டி நல்ல கட்டி இல்லையாம். எடுத்தது போக இன்னும் உள்ளே இருக்கிறதாம். மற்றப் பக்கத்துக்கும் பரவியிருக்கிறதாம். பெருநாள் முடிந்ததும் கண்டிக்குப் போய் மருந்து ஏற்றத் தொடங்க வேண்டுமாம்.

"எப்ப சொல்ல இரிந்தீங்க?"

"பெருநாள் முடியட்டும்… ஒரு பெருநாளையாவது நீ நிம்மதியா…"

முதலில் வந்தது பயமில்லை, கோபம். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் இவரும் டொக்டரும் பேசி முடித்திருக்கிறார்கள். நான் என்னவோ சுகமாகிவிட்டேன் என்று தெருவெல்லாம் பறையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அகப்பையை எடுத்து வீசத் தோன்றியது. பிறகுதான் பயம் வந்தது. உள்ளறையில் நப்லா எதையோ பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது.  

"அப்ப எதுக்கு மாட்ட அறுத்தீங்க?" என்றேன், சத்தம் வெளியே போகாமல். "சொகமானாத்தானே நேர்ச்ச குடுக்கணும். எனக்கென்ன சொகமாயிட்டா?"

அவர் மெதுவாகச் சொன்னார். "மிளகு காய்க்க முந்தியே நாங்க தோட்டக்காரனுக்கு அட்வான்ஸ் குடுக்கிறதானே. கைநீட்டி வாங்கிட்டானென்டா பொறகு அவன் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டான். எவ்வளவு வில கூடக் கேட்டு வந்தாலும் குடுக்க மாட்டான். அதப் போல…"

அதற்கு மேல் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. என் மனுஷன் அல்லாஹ்வுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். கொடியில் காய்க்க முந்தியே மிளகுக்கு விலை பேசுகிற மாதிரி, என்னை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதபடி, முந்திக்கொண்டு ஒரு முழு மாட்டைக் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார். ஐந்து நேரம் தொழுகிற ஆள். பள்ளியில் முன் வரிசையில் நிற்கிற ஆள்.

"தவ்பா செய்யுங்க, மன்னிப்புக் கேளுங்க!" என்றேன். "அல்லாஹ் என்ன ரத்தோட்ட மிளகுத் தோட்டக்காரனா, கைய நீட்டி வாங்க?"

"தெரியும் மஸீனா. எல்லாம் தெரியும். கண்டியில இருந்து பஸ் ஏறினதும் வேற ஒண்டும் தோணல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது. வலித்ததில் அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியாபாரி பெண்சாதி கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"சரி, எவ்வளவு காலத்துக்குப் பேசினீங்க?"

"என்ன?"

"எத்தன வருஷம் கேட்டீங்க எனக்கு?"

அவர் விழித்தார். நிறை எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எந்த மாதம் பறிப்பது, காம்போடா காம்பில்லாமலா என்று எல்லாவற்றையும் பேசி முடிக்காமல் ஒரு சல்லி கை மாற விடாதவர் இவர். அப்படிப்பட்டவர் என் முன்னால் பாணை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"காலம் ஒண்டும் பேசல்ல" என்றார். "பயத்தில மறந்து போச்சு. மஸீனாவ எனக்குத் தா என்டு மட்டும் சொன்னேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்க ஆசைப்பட்ட காலமும் இருந்தது. அது இந்த இடத்தில், இந்த நேரத்தில் வந்து சேரும் என்று யார் கண்டது?

சட்டி சின்னத் தீயில் தளதளத்துக்கொண்டிருந்தது. மௌலவியிடம் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது. என் அறிவுக்கு, கேட்டது கிடைக்கவில்லை என்றால் அது நேர்ச்சையே இல்லை, சும்மா குர்பான்தான். சும்மா குர்பான் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். அதை அவரிடம் சொல்லியும் விட்டேன்.

"இது இன்னும் நேர்ச்ச ஆகல்ல. நாங்க சாப்பிட்டா குத்தமில்ல."

"நீ சாப்பிடுறதென்டா சாப்பிடு. நான் மறிக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். அகப்பை இன்னும் என் கையில்தான் இருந்தது. சின்னப் பிள்ளை ஒன்று தன் விளையாட்டுச் சாமானை யாராவது உடைத்துவிடுவார்களோ என்று பார்க்குமே, அப்படிப் பார்த்தார்.

பசி என்றால் அப்படி ஒரு பசி எனக்கு. ஒரு கோப்பை எடுத்து, எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சி, பாணைத் தோய்த்துச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் சாப்பிட்டால் ரிப்போட்டின் பக்கம் சேர்ந்தவளாகிவிடுவேன். சாப்பிடாவிட்டால் இந்தப் பைத்தியக்கார மனுஷனின் பக்கம். நான் இருந்திருந்து யோசிக்கிற ஆள் இல்லை. அடுப்பை அணைத்தேன். அகப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"றஸ்மியா வீட்டில நாலு பிள்ளைகள் இரிக்கு. ஆறுறதுக்குள்ள சட்டியோட கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க" என்றேன். றஸ்மியா புருஷனை இழந்தவள். பள்ளிக்குப் பின்னால் வாடகை அறையில் இருக்கிறாள். "உப்புப் பாக்கல்ல என்டு சொல்லுங்க. கூடக் கொறைய இரிந்தா அவளே பாத்துக்கொள்ளட்டும்."

பழந்துணியால் சட்டியின் காதைப் பிடித்துத் தூக்கினார். வாசற்படியில் நின்று திரும்பி என்னவோ சொல்ல வந்தார். "போங்க, சூடாறுது" என்று விரட்டினேன். அவர் போன பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.  துருவலில் கொஞ்சம் தரையில் போயிற்று. மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்பார்களே, நப்லா என்ன சொல்வாள், அவளுடைய பரீட்சை எப்போது, யார் அவளுக்குச் சமைத்துக் கொடுப்பது என்று ஒன்றின் மேல் ஒன்றாக வந்தது. தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தேன். மூன்று பேருக்குத் தேவையானதைவிடக் கூடத் துருவிவிட்டேன்.

அவர் வெறுங்கையோடு வந்ததும் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நசுங்கிய ரோஸ் பாணும் மிளகாய் போடாத தேங்காய்ச் சம்பலும். நப்லா மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"ஸ்டூ எங்க?"

"றஸ்மியா வீட்டுக்குப் போயிட்டு."

"முழுசுமா? நான்தானே உம்மா கரட் சீவின! காலையில இருந்து மணந்துக்கிட்டு, கடைசியில சம்பலா?"

"அது நேர்ச்ச மாடு மகள். நாங்க சாப்பிடக் கூடாது. எனக்குச் சொகமாகணும் என்டு வாப்பா நேர்ந்திருக்கார்."

அவள் முகம் மாறியது. கோபமெல்லாம் போய், வாப்பாவை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தாள். "வாப்பாவா? ஒரு முழு மாடா?" பிறகு பாணைப் பிய்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "அப்ப ஒங்களுக்கு இனி முழுசாச் சொகம்தானே உம்மா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. இவரை நம்பி இந்த வேலையை விட முடியாது.

"ஓ மகள்" என்றேன், அவள் கண்ணைப் பார்த்து. "சொகம்தான்."

அவள் உடனே நம்பிவிட்டாள். காலையில் அடுப்பு மூட்டும்போது நானும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.